ஆறாவது குரல்

குமரேசண்ணே, நீ இருந்திருந்தால் இதைக் கேட்டு முதலில் சிரித்திருப்பாய். ஆவி, பேய் எதையும் நாம் இரண்டு பேரும் நம்பியதே இல்லை. மாரியம்மன் கோயிலில் யாருக்காவது அருள் வந்தால் நீ எனக்குக் கண்ணைக் காட்டுவாய், நான் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். படிக்கிறவர்கள் நம்பினால் நம்புங்கள். நான் எட்டாவதோடு நின்றவள், எனக்குக் கதை கட்டத் தெரியாது.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். அண்ணன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தான். அவனுடையது சாதாரணக் கீபோர்டு இல்லை, சிந்தசைசர். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் பழசாக வாங்கியது. அதற்குள் எட்டுக் குரல்கள் இருக்கும். ஒரு கட்டையை அமுக்கினால் எட்டில் ஏதோ ஒரு குரல் பாடும், எது பாடுகிறதோ அதற்கு நேராக ஒரு சின்ன சிவப்பு லைட் எரியும். எனக்குப் புரியவில்லை என்றதும் நடவை வைத்துச் சொன்னான்.

"எட்டு பொம்பளைங்க நாத்தோட வரப்புல நிக்கிறாங்கன்னு வச்சுக்க. நீ கட்டைய அமுக்குறப்பல்லாம் ஒருத்தி வயல்ல எறங்குவா. வரிசைன்னு வச்சா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எறங்குவாங்க. ராண்டம்னு வச்சா யாரு எறங்குவான்னு யாருக்கும் தெரியாது. ஆனா ஒருத்தி நட்டுக்கிட்டு இருந்தா அவள விட்டுட்டு, சும்மா நிக்கிறவளத்தான் கூப்பிடும்."

அவன் எப்போதும் ராண்டத்தில்தான் வைப்பான். ஆறாவது குரலில் மட்டும் ஒரு கோளாறு, சுருதி கொஞ்சம் இறங்கி நடுங்கும். அது எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் அழகு என்பான். அம்மா நடவு வேலைக்குப் போகிறவள், சங்கீதம் தெரியாது, ஆனால் அடுப்படியில் இருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"யாருடா அவ, அழுதுக்கிட்டே நடுறா?"

"ஆறாவது ஆளும்மா. அவளுக்கு மட்டும் சளி."

"ஒரு மருமவளுக்கே வழியக் காணோம், தொரைக்கு எட்டு பேரு கேக்குதா!"

அப்படிச் சிரித்த வீடுதான். கல்லணைக் கால்வாய் ரோட்டில் லாரி மோதி அண்ணன் போய்விட்டான். அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட வாசலில் நின்று பார்த்தாள், அவ்வளவுதான்.

"அழுதுரு அக்கா. உள்ளயே வச்சிருந்தா நெஞ்ச அடைச்சிரும்" என்று சித்தி தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எதுக்குடி அழணும்? கச்சேரிக்குத்தானே போயிருக்கான்."

ராத்திரி அவன் தட்டைக் கழுவி வைப்பாள், தான் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை டிரிப் ஏற்றினோம். இப்படியே போனால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணனோடு அம்மாவும் போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

கருமாதி முடிந்த மறுநாள் மத்தியானம் சித்திதான் சொன்னாள், "அவன் பொட்டிய எடுத்து வாசிடி. அதக் கேட்டாவது அழுவட்டும்."

எனக்குத் தெரிந்தது ஒரே பாட்டு, அம்மா வயலில் பாடும் நடவுப் பாட்டு, அண்ணன் கற்றுக்கொடுத்தது. சுவிட்சைப் போட்டேன். அவன் வைத்தபடி ராண்டத்திலேயே இருந்தது, மாற்ற எனக்குக் கை வரவில்லை.

முதல் கட்டையை அமுக்கினேன். ஆறாவது லைட் எரிந்தது, அதே நடுக்கம். சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவதற்கும் அவளே வந்தாள். மூன்றாவதற்கும் அவளேதான். கட்டையை விட்ட பிறகும் ஒவ்வொரு குரலும் கொஞ்ச நேரம் இழுத்துத்தான் அடங்கும், அதற்குள் அவளையே கூப்பிடக் கூடாது, ஏழு பேர் சும்மா நிற்கிறார்கள். ஆனாலும் அவளே வந்தாள், முந்தின சத்தத்தை அறுத்துக்கொண்டு வந்தாள், அதனால் பாட்டு பாட்டாக இல்லை, யாரோ தேம்பித் தேம்பி அழுகிற மாதிரி இருந்தது. வாசிக்கப் பயம். நிறுத்தவும் பயம். பாட்டு முடிகிறவரை வேறு ஒரு லைட் எரியவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. அம்மா ஓடி வந்து பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்தாள்.

"நீ அழுவாதடா ராசா. வேண்டாம்டா. நான் அழுவுறேன்டா, அம்மா அழுவுறேன்."

அப்புறம்தான் அழுதாள். சித்தி மடியில் விழுந்து பொழுது சாயும்வரை அழுதாள். விளக்கு வைத்த பிறகு ஒரு சொம்புக் கஞ்சி குடித்தாள்.

பிற்பாடு தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக்கிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க சொல்ற நடுக்கம் எங்கம்மா? ஆறாவதுதான் எட்டுலயும் சுத்தமா இருக்கு" என்றார். யாரும் கை வைக்கவில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

இப்போது வரிசையில் வைத்தால் ஆறாவது குரல் தன் முறைக்கு வருகிறது, நடுக்கமில்லாமல் நேராகப் பாடுகிறது. ராண்டத்தில் வைத்தால் வருவதே இல்லை. தினமும் சாயங்காலம் வாசித்துப் பார்க்கிறேன், மற்ற ஏழு லைட்டும் மாறி மாறி எரிகிறது, அது மட்டும் எரியவில்லை. மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். "ராண்டம்னா வரலாம், வராமலும் போவலாம்மா" என்றார். இருக்கலாம். எனக்கு மட்டும் அந்த அணைந்த லைட்டைப் பார்த்தால் அவன் அழுது முடித்துவிட்டானா என்று தோன்றுகிறது.

அம்மா இப்போது சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள். இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் எங்கள் குமரேசண்ணனுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவன் அழாமல் இருக்க வேண்டும்.