வாப்பா நெய்த உறை

கல்முனையில் நான் படிப்பிக்கும் வகுப்புக்குத் தொடுதிரை வந்தது. பெட்டியைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசம். "டீச்சர், இதுக்கு நல்ல உறையொண்டு தைப்பமா?" என்றார் பள்ளிக்கூட அதிபர். அந்தச் சொல் என்னை மருதமுனைக்கு, ஏழாம் ஆண்டு வகுப்புக்குக் கொண்டுபோனது.

எங்கள் பள்ளிக்கூடத்தின் முதல் கம்பியூட்டருக்கு உறை கொடுத்தவர் என் வாப்பா. தறியில் சாரன் நெய்கிறவர். மயில்கழுத்து நிறத்தில் மஞ்சள் கரை வைத்து நெய்தார். அது அவ்வளவு வடிவாக அமைந்துவிட்டதால் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. வருகிறவர்களுக்கும் உறையைத்தான் காட்டினார்கள். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கீபோர்டைக் கொப்பியில் வரைந்து படித்தோம்.

"கம்பியூட்டர் பழகிட்டியா மகள்?" என்று வாப்பா ஒருநாள் கேட்டார்.

"இன்னும் தொடல்ல வாப்பா. உங்கட உறை ஊத்தையாகிருமாம்."

மறுநாளே பள்ளிக்கூடம் வந்தார். உறையை உருவி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் அதிபரிடம் சொன்னார்: "தூசி படாம இருக்கத்தான் இதத் தந்தன் சேர். புள்ளைகள் தொடாம இருக்க இல்ல."

"உறை வேணாம் சேர்" என்றேன் இப்போது என் அதிபரிடம். அவர் யோசித்து முடிப்பதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டார்கள். இன்டர்வல் மணி அடித்தபோது திரை முழுக்க விரல் அடையாளம்.