பயந்துகொண்டே கம்பம் ஏறும் ஷாஹிதா

உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு வரிசை இருக்கும். முதலில் விமானம் ஓட்டிய பெண், முதலில் மலை ஏறிய பெண், முதலில் நீதிபதியான பெண் என்று அட்டைக்கு அட்டை சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் புத்தகங்களில் ஒருத்திகூடப் பயப்படுவதில்லை. தொட்டிலைவிட்டு இறங்கும்போதே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கியவர்கள் போல எழுதிவைத்திருப்பார்கள். நானும் அப்படி இரண்டு புத்தகம் எழுதியவள்தான். அதனால் திட்டுகிற உரிமை எனக்கு உண்டு.

இந்த முறை ஒரு பயந்தாங்கொள்ளியைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஷாஹிதா, வயது முப்பத்தொன்று. போர்ட் பிளேர் இருக்கிற தீவில், எங்கள் பெரார்கஞ்ச் பக்கத்தில் மின்கம்பம் ஏறி வேலை பார்க்கிற முதல் பெண் அவள்தான். ஊரில் மின்விசிறி சுற்றுவதில் அவளுடைய வியர்வையும் உண்டு. அவளைவிட அதிகமாகப் பயப்படுகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவளுடைய அத்தா ஜெய்னுதீன் மளிகைக்கடை வைத்திருக்கிறார். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். ஷாஹிதா ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்ததற்குப் பெரிய லட்சியக் கதை எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கிடைக்கவில்லை, இதில் கிடைத்தது, அவ்வளவுதான். படித்து முடித்து எழுதிய பரீட்சையில் பெயர் வந்தது. மீட்டர் பார்க்கிற வேலையாக இருக்கும் என்று நம்பிப் போனவளின் கையில் ஓர் இடுப்புப் பட்டையைக் கொடுத்து, கம்பத்தைக் காட்டினார்கள்.

முதல் நாள் பாதிக் கம்பம்வரை ஏறினாள். அதற்குமேல் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தாள். கீழே கூட்டம் கூடிவிட்டது. அபர்டீன் பஜார் போகிற பஸ்ஸின் டிரைவர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். கடைசியில் லைன்மேன் குணா மேலே ஏறி, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கிக் கொண்டுவந்தார். அன்றைக்கே அவளுக்குப் பெயர் வைத்தாயிற்று: டர்போக். இந்தியில் கோழை என்று அர்த்தம்.

மறுநாள் வேலைக்கு வரமாட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். வந்தாள். பயமும் கூடவே வந்தது. இன்றைக்கும் ஏறுவதற்கு முன் நாக்கு வறண்டுவிடும், இரண்டு தடவை பாத்ரூம் போவாள், பட்டையின் கொக்கியை மாட்டும்போது கை நடுங்கி இரும்பில் இரும்பு தட்டும். பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டே ஏறுவாள். அவளுடைய அம்மா ஜன்னத் பீவி வீட்டில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருப்பார். தாயும் மகளும் பயத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள் என்று நினைத்தால் தப்பு. ஆளுக்கு முழுசாக வைத்திருந்தார்கள்.

லைன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கம்பம் ஏறுகிறவர் முதலில் டிரான்ஸ்பார்மருக்குப் போய், பியூஸைத் தன் கையாலேயே பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பியூஸ் அவரிடம் இருக்கும்வரை வேறு யாரும் தெரியாத்தனமாக லைனைப் போட்டுவிட முடியாது. நல்ல வழக்கம், பல உயிர்களைக் காப்பாற்றிய வழக்கம். பியூஸ் பைக்குள் போனதும் ஆண்கள் மளமளவென்று ஏறிவிடுவார்கள். ஷாஹிதாவுக்கு மட்டும் அது போதாது. கரண்ட் இருந்தால் கீச்சென்று கத்துகிற நீளமான கோல் ஒன்று ஆபீஸ் மூலையில் தூசி படிந்து கிடந்தது. அவள் அதை எடுத்துத் துடைத்து, ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்த்த பிறகுதான் ஏறுவாள். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட அது கத்தவில்லை. ஒவ்வொரு நாளும் கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

போன ஜூனில் இரண்டு நாள் விடாமல் காற்றும் மழையும். அத்தாவின் கடைக்கு முன்னால் உள்ள வளைவில் ஒரு பாக்குமரம் லைன்மேல் சாய்ந்தது. மரத்தை வெட்டி அப்புறப்படுத்திவிட்டார்கள். கம்பத்தின் உச்சியில் இணைப்புக் கம்பி மட்டும் அறுந்திருந்தது. அந்தக் கம்பத்தைத் தாண்டினால் லைனில் இருப்பது அத்தாவின் கடையும் ஒரு பூட்டிய வீடும்தான். அந்த வீட்டுக்காரர்கள் கப்பல் ஏறி மெயின்லேண்ட் போயிருந்தார்கள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். குணா மூன்று பியூஸையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறிவிட்டார். அன்றைக்குக் காலையிலிருந்து அது அவருக்கு ஒன்பதாவது கம்பம். ஷாஹிதா கீழே நின்று, அவர் கேட்கிற சாமானைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்ப வேண்டும். மழை தகரக் கூரைகளை அடித்த அடியில் பக்கத்தில் பேசுவதே காதில் விழவில்லை. பெங்காலிக்காரர் ஒருவர் குடைக்குள்ளிருந்து, "லைட் கப் ஆயேகா?" என்று, கரண்ட் எப்போது வரும் என்று, நாலாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கட்டிங் பிளேயரை அனுப்பும்மா!" என்று குணா மேலிருந்து கத்தினார்.

"அண்ணே, கோல வச்சுப் பாக்கவே இல்லியே."

"பியூஸ் என் பாக்கெட்ல இருக்கு. லைன் பந்த் ஹை, கரண்டே இல்ல. ஜல்தி அனுப்பு."

"ரெண்டு நிமிஷம்ண்ணே. வண்டியிலேருந்து எடுத்தாறேன்."

"உன் டருக்கு, இந்தப் பயத்துக்கு மருந்தே கெடையாதா? கை மரத்துப் போச்சும்மா எனக்கு. அனுப்பு!"

அவர் மூத்தவர். அவளைக் கம்பத்திலிருந்து இறக்கிக் காப்பாற்றியவர். நனைந்து, களைத்து, பசியோடு மேலே தொங்குகிறார். கீழே ஊரே அவளைப் பார்த்து முறைக்கிறது. ஷாஹிதாவுக்கு அழுகை வந்தது. அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தாளாம். ஆனால் பிளேயரைக் கயிற்றில் கட்டக் கை வரவில்லை. "அனுப்ப மாட்டேண்ணே. என்ன வேணாலும் சொல்லிக்கங்க. எதையும் தொட்டுடாதீங்க," என்று கத்திவிட்டு, சாமான் பையையும் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினாள். அவர் சொன்ன கெட்ட வார்த்தையைப் பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் எழுத முடியாது.

கோலை நீட்டிக் கடைப்பக்கம் போகிற கம்பியில் வைத்தாள்.

கத்தியது.

கோல்தான் கெட்டுப்போயிற்று என்று முதலில் நினைத்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் கத்தியது. குணாவின் வலது கை அந்தக் கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அறுந்த முனையைப் பிடித்து இழுத்துப் பார்க்கலாம் என்று நீட்டிய கை. நீட்டியபடியே நின்றுவிட்டது. அந்தக் கையை அவர் எப்படி மடக்கினார், எப்படி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. கீழே வந்து சேற்றில் உட்கார்ந்தார். பையிலிருந்து மூன்று பியூஸையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து வெறித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

டிரான்ஸ்பார்மர் பக்கமிருந்து கரண்ட் வர வழியே இல்லை. அப்படியானால் அந்தப் பக்கமிருந்து வருகிறது. அந்தப் பக்கம் இருப்பது இரண்டே கட்டடம், அதில் ஒன்று பூட்டியிருக்கிறது. ஷாஹிதா கடைக்கு ஓடினாள். பின்பக்கத் தகரக் கொட்டகையை நெருங்கிய பிறகுதான் மழைச்சத்தத்துக்கு அடியில் ஜெனரேட்டரின் உறுமல் கேட்டது. ஓடிப்போய் அதை நிறுத்தினாள்.

"ஏம்மா நிப்பாட்டுற? ஐஸ்பெட்டியில பதினஞ்சு கிலோ கோழி கெடக்கு," என்று அத்தா வெளியே வந்தார். "இப்புடி நனஞ்சிட்டியே தாயி, தலையத் தொடை மொதல்ல."

"அத்தா, சுவிட்சு எங்க? நான் மாட்டிக் குடுத்தேனே?"

ஜெனரேட்டரைப் போட்டால் வெளி லைனைத் தானாகத் துண்டித்துவிடுகிற சுவிட்ச் அது. வேலையில் சேர்ந்த வருடம் அவளே வாங்கி மாட்டியது.

"அது உப்புக்காத்துல துருப்புடிச்சுப் போச்சும்மா. புதுசுக்கு போர்ட் பிளேர்ல சொல்லியிருக்கேன். அதான் உன் வயரு இருக்கேன்னு அத மாட்டுனேன்."

"மெயின ஆஃப் பண்ணீங்களா?"

அத்தா யோசித்தார். முகம் மாறியது. "மறந்துட்டேன்மா."

சுவரிலிருந்து தொங்கிய வயரை அவள் அப்போதுதான் பார்த்தாள். இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவர் பாயிண்டிலும் சொருகினால் வீடு முழுவதும் விளக்கு எரியும். மெயினை அணைக்க மறந்தால் கரண்ட் வீட்டோடு நிற்காது, தெருக்கம்பிக்கே ஏறிவிடும். சிவப்பு டேப்பின்மேல் பச்சை டேப் சுற்றிய அந்த வயரைச் செய்தவள் ஷாஹிதாதான். ஐ.டி.ஐ. கடைசி வருடம், ஒரு புயல் லீவில் வீட்டுக்கு வந்தபோது அரை மணி நேரத்தில் செய்து கொடுத்தாள். அன்றைக்கு அத்தா அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். சுவிட்சை மாட்டிய நாளில், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். மகள் முதன்முதலாகச் செய்த சாமானை எந்தத் தகப்பன் தூக்கிப் போடுவான்?

அவள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். கம்பத்தில் நடுங்குகிற நடுக்கம் வேறு, இது வேறு என்று என்னிடம் சொன்னாள். "அங்க நடுங்கறப்ப என் உசுருக்குத்தான்க்கா பயம். அன்னிக்கு என் கையப் பாத்தே எனக்குப் பயம் வந்துச்சு."

சாயங்காலம் அறிக்கை எழுத வேண்டும். குணா தாழ்ந்த குரலில், "மழைத்தண்ணி எறங்கி லீக்குன்னு எழுதிடும்மா. ஜெய்னுதீன் சாச்சா பேரு எதுக்கு?" என்றார். சாகப்போனவரே சொல்கிறார், யார் கேட்கப்போகிறார்கள்? ஷாஹிதா எழுதினாள்: இரு முனையிலும் பிளக் உள்ள வயர், பயன்படுத்தியவர் ஜெய்னுதீன், செய்தவர் ஷாஹிதா. மெமோ வந்தது, விளக்கம் கேட்டார்கள். இரண்டு வாரம் அவளைக் கம்பம் ஏறவிடவில்லை. டர்போக் என்று மட்டும் அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை.

அறிக்கை எழுதிய அன்று ராத்திரிச் சாப்பாட்டை அத்தா தொடவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளாகத்தான் பேச்சை எடுத்தாள்.

"அத்தா, அந்த வயர வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"குடுக்கல தாயி." தட்டைத் தள்ளி வைத்தார். "காட்டுனேன். எம் மக செஞ்சது, எவ்ளோ சுளுவா இருக்கு பாருங்கன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட காட்டுனேன். பாத்துட்டுப் போயி அவங்களும் செஞ்சுக்கிட்டாங்க."

"எத்தன பேரு?"

அவர் விரல்விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்தது. அடுத்த கையும் முடிந்தது. திரும்பவும் முதல் விரலை மடக்கினார்.

மறுநாள் விடிந்ததும் ஷாஹிதா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீடு வீடாக ஏறி, நடந்ததைச் சொல்லி, கையைப் பிடித்துக் கெஞ்சி வாங்கினாள். சௌல்தாரி ஊர் வரைக்கும் போனாள். திட்டினார்கள், கதவைச் சாத்தினார்கள், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கொடுக்காத வீட்டு வாசலில் மறுநாளும் போய் நின்றாள். எட்டு நாளில் பத்து வயர் சேர்ந்தது. எல்லாவற்றிலும் சிவப்பின்மேல் பச்சை டேப். அப்படித்தான் சுற்ற வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு அதையும் அப்படியே பார்த்துச் செய்திருந்தார்கள்.

பதினொன்றாவது ஆள் யாரென்று அத்தாவுக்கு நினைவுக்கு வரவேயில்லை. யாரோ வந்தார், ஒரு கிலோ வெங்காயம் வாங்கினார், வயரைப் பார்த்தார், போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.