எந்த ஊர் ஸ்பானர்

பரவையில் சிவபாண்டி வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். ஸ்பானர் சிவபாண்டி என்று கேட்டால்தான் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓட்டு வீட்டுக்கு வழி சொல்வார்கள். டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்த மனுஷன். ஓய்ந்த பிறகாவது தன்னோடு நாலு கோயிலுக்கு வருவார் என்று மனைவி செல்லக்கிளி நம்பியிருந்தார். சிவபாண்டி போனதெல்லாம் பழைய இரும்புக் கடைகளுக்கு. உசிலம்பட்டியில் ஒரு கடை, திருமங்கலத்தில் இரண்டு கடை என்று முறை வைத்துப் போவார். குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, துருவேறிய ஸ்பானரோ, நட்டின் மேல் கவிழ்த்துத் திருகும் சாக்கெட்டோ ஒன்றை எடுத்து வெயிலில் காட்டிப் பார்ப்பார். மீன் வாங்குகிறவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்க்கமாட்டார்கள்.

கடைக்காரனுக்கு அது எடைக்குப் போடும் இரும்பு. இவருக்கு ஊரும் பேரும் உள்ள சாமான். மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டு பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் கம்பெனி எழுத்து மேலே வரும். எழுத்தே தேய்ந்து போயிருந்தாலும் விடமாட்டார். சாக்கெட்டை மாட்டித் திருகும் ராட்செட் பிடியைச் சுழற்றிச் சத்தம் கேட்பார், சாக்கெட்டின் உள்வாயில் எத்தனை முனை என்று எண்ணுவார். பழைய இங்கிலாந்து ஸ்பானரில் போட்டிருக்கும் அளவு வாயின் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் தடிமனைக் குறிக்கும் என்று சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் தலைக்கனம் தெரியும். இது எந்த ஊர்ச் சாமான் அண்ணே என்று கேட்டு, சென்னையிலிருந்தெல்லாம் போனில் படம் அனுப்புவார்கள்.

முன்னறைச் சுவர் முழுக்கப் பலகை அடித்து, கம்பெனிவாரியாக மாட்டியிருந்தார். நானூற்றுச் சொச்சம் இருக்கும். மில்லிமீட்டர் அளவுச் சாமான் ரெட்டையாகக் கிடைத்தால் ஒன்று சுவருக்கு, ஒன்று மகனுக்கு. மகன் தமிழ்மாறன் பேரையூரில் பைக் மெக்கானிக். அவனுக்குக் கம்பெனியும் தெரியாது, ஊரும் தெரியாது. நட்டு கழன்றால் நல்ல ஸ்பானர், அவ்வளவுதான். கழலாவிட்டால் ஸ்பானர் தலையிலேயே சுத்தியலால் ஒரு போடு போடுவான். பார்க்கிற அப்பனுக்கு நெஞ்சு பதறும்.

போன வருஷம் ஆனி மாதம், கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பிய தமிழ்மாறன் மேல் லாரி மோதிவிட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டான். முப்பத்திரண்டு வயது.

சிவபாண்டி அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது. தொட்டால் தெரியவில்லை, கிள்ளினாலும் தெரியவில்லை. பசிக்கிற நேரத்துக்குச் சாப்பிட்டார், படுத்தால் தூங்கினார். அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று மருமகள் பாண்டீஸ்வரியின் தம்பி ராம்கி, கடையிலிருந்த டூல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். வீடு நிறைய ஆட்கள். யாரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் சிவபாண்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டார். கிரீஸ் கரைந்ததும் ஒவ்வொன்றின் கழுத்திலும் பச்சை நெயில் பாலிஷில் இரண்டு பொட்டு தெரிந்தது. அடுத்த கடைச் சாமானோடு கலந்துவிடாமல் இருக்க மெக்கானிக்குகள் இப்படி ஏதாவது அடையாளம் வைப்பது வழக்கம். பழைய சாமான் எது கைக்கு வந்தாலும் அந்த அடையாளத்தைத்தான் சிவபாண்டி முதலில் எடுப்பார். சேகரிக்கிறவர்களுக்கு அது அழுக்கு. அன்றைக்கும் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார், பிரஷ் போட்டார், துடைத்ததை முன்னறைச் சுவரில் அதனதன் வரிசையில் மாட்டினார். ஓட்டை விழுந்த பெட்டியை எடைக்குப் போட்டார். கை பாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

பதினாலு மாதம் கழித்து ஒரு காலையில் பாண்டீஸ்வரி ராம்கியோடு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ராம்கி கடையைத் திரும்பத் திறக்கப் போகிறான், பேர்கூடத் தமிழ்மாறன் பேர்தான் என்றாள். புதுச் சாமான் வாங்க மனசு வரவில்லை, அவருடையதை மட்டும் எடுத்துக்கொடுங்கள் என்று கேட்டாள்.

சிவபாண்டி சுவரைக் காட்டக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"பச்சைப் பொட்டு இருக்கும்ல மாமா. நாந்தான் வச்சேன், கல்யாணமான புதுசுல."

"அழிச்சிட்டேன் தாயி" என்றார்.

அவள் சுவருக்குக் கிட்டே போய் நின்றாள். அவர் பன்னிரண்டு-பதிமூன்று மில்லிமீட்டர் ரிங் ஸ்பானரைக் கழற்றினார். ஒரே கம்பெனியில் மூன்று இருந்தன. மூன்றும் எந்த ஊரில் அடித்தவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதில் மகன் கையில் இருந்தது எது என்று சொல்லத் தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் பளபளவென்று ஒரே மாதிரி இருந்தன. அவருக்குப் பயமாக இருந்தது.

பாண்டீஸ்வரி எழுத்தைப் பார்க்கவில்லை. சாப்பாடு கொண்டுபோகும் மதியங்களில் புருஷனுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தவள் அவள். ஒவ்வொன்றின் தலையையும் விரலால் தடவிப் பார்த்து, மூன்றில் ஒன்றை எடுத்தாள். விளிம்பு நசுங்கியிருந்தது.

"இதத்தான் சுத்தியலால அடிப்பாரு. நீங்க வைவீகன்னு, நீங்க வந்தா சீட்டுக்கடியில ஒளிச்சு வச்சிருவாரு."

அப்படித் தடவித் தடவி நாலு எடுத்தாள். அதற்கு மேல் அவளுக்கும் பிடிபடவில்லை. நாலையும் துண்டில் சுற்றிக்கொண்டு, இது போதும் மாமா என்றாள்.

போதாது என்று சிவபாண்டி சுவரில் இருந்ததையெல்லாம் கழற்ற ஆரம்பித்தார். வரிசை பார்க்கவில்லை, கம்பெனி பார்க்கவில்லை. ஜெர்மன் சாக்கெட்டுகள், ஜப்பான் ராட்செட், இருபது வருஷமாகத் தேடிப் பிடித்த இங்கிலாந்து செட் எல்லாம் சாக்குக்குள் விழுந்தன. அந்த இங்கிலாந்துச் சாமான் பேரையூரில் எந்த பைக் போல்ட்டுக்கும் சேராது மாமா என்று ராம்கி தடுத்தான். சேராது என்று அவருக்கும் தெரியும்.

"மிச்சத்துல ஒண்ணு அவன் கை பட்டதா இருந்து, அதுகூடத் தெரியாம நான் தெனமும் தொடச்சுக்கிட்டுக் கெடந்தா?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் வாய் கோணியது.

அடுப்படியிலிருந்து செல்லக்கிளி ஓடிவந்தார். புருஷன் அழுவதைப் பார்த்ததும் பக்கத்தில் போகாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். யாரையும் தொடவிடாமல், அழுதுகொண்டே, சிவபாண்டி மூன்று சாக்கையும் கட்டி ஆட்டோவில் ஏற்றினார்.