கடந்ததைப் பேசுவதைத் தவிர்க்கவும்

என் மகன் இறந்த நாற்பது நாளுக்குள் அவன் தொடர்பான எல்லாக் காகிதங்களையும் முடித்துவிட்டேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், செல்பேசி இணைப்பு ரத்து, பெங்களூரில் அவன் குடியிருந்த வாடகை வீட்டை ஒப்படைத்த ரசீது. அரசுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு, எந்த விண்ணப்பத்தோடு எத்தனை நகல் இணைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்து எழுத்தர் என் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார் மாதிரி யாரும் இவ்ளோ கரெக்டா கொண்டார மாட்டாங்க" என்றார். அந்தப் பாராட்டில் எனக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவனுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதயம் நின்றுவிட்டது. இதற்கு மேல் விளக்கம் எந்த மருத்துவரிடமும் கிடைக்கவில்லை.

என் மனைவி சாந்தோமில் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவள். பதிமூன்றாம் நாள் காரியம் முடியும்வரை எல்லாவற்றையும் நின்று நடத்தினாள். அதன் பிறகு உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுப்புவது பெரும்பாடாகிவிட்டது. குக்கர் எத்தனை விசில் என்று கேட்டால், "எண்ணலையே" என்பாள். சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டுக் கையைக் கழுவிவிடுவாள். தூங்குவதாகவும் சொல்ல முடியாது, விழித்திருப்பதாகவும் சொல்ல முடியாது.

எங்கள் குடும்ப மருத்துவர் அவளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். இவருக்கு யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டும், எனக்குத் தெரிந்த மனநல மருத்துவர் ஒருவர் அடையாறில் இருக்கிறார், கடிதம் தருகிறேன் என்றார். கடிதத்தை வாங்கிக்கொண்டேன். எந்தக் கடிதத்தையும் மரியாதையாக வாங்கி நிலுவையில் வைப்பது என் தொழில். மாத்திரை ஒரு பழக்கமாகிவிடும், இயற்கையாகச் சரிசெய்யக்கூடியதற்கு எதற்கு மருத்துவமனை என்று நானே முடிவெடுத்தேன். அவளைக் கேட்கவில்லை.

ஒரு வாரம் படித்தேன். மயிலாப்பூர் குளத்தங்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் அரை மணி நேரம் விசாரணை நடத்தினேன். பிறகு ஒரு அட்டவணை தயாரித்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். காலை ஐந்தரைக்குச் சீரகத் தண்ணீர். ஆறு மணிக்குக் கடற்கரை நடை, இளவெயில். எட்டு மணிக்கு நெல்லிக்காய்ச் சாறு. மதியம் வல்லாரைத் துவையல். மாலையில் மூச்சுப் பயிற்சி. படுக்கும் முன் பாலில் அமுக்கராச் சூரணம். ஏழாவதாக ஒரு வரி சேர்த்தேன்: "கடந்ததைப் பேசுவதைத் தவிர்க்கவும்." யார் தவிர்க்க வேண்டும், எதை, எதுவரைக்கும் என்று ஒன்றும் கிடையாது. அந்த மாதிரி வரிகளை நான் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஏழாவது விதியை மற்ற ஆறையும்விடக் கறாராகக் கடைப்பிடித்தவன் நான்தான். அவன் பேரை அவள் எடுத்தால், நான் நெல்லிக்காயைப் பற்றிப் பேசுவேன். நாளடைவில் அவள் எடுப்பதையே விட்டுவிட்டாள்.

எங்கள் அடுக்ககத்திலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. முதல் இரண்டு வாரம் நானும் கூடப் போனேன். பிறகு முட்டி வலி பிடித்துக்கொண்டது. அவள் தனியாகப் போகத் தொடங்கினாள்.

மூன்றாவது மாதத்தில் மாற்றம் தெரிந்தது. ஒருநாள் ரசத்தில் உப்புக் குறைவு என்றாள். உப்புக் குறைவு என்று ஒருத்தி சொல்வதைக் கேட்டு என்னைப்போல் மகிழ்ந்தவன் இருக்க முடியாது. இரவில் தூங்கினாள். பால்காரரிடம் இரண்டு வார்த்தை சண்டை போட்டாள். நான் அமுக்கராவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அட்டவணையை இரண்டு பக்கத்தில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தி. நகரில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை அதைத் தன் ஓரகத்திக்கும் அனுப்பினாள். நான்கு பேர் என்னிடம் அளவு கேட்டார்கள். கொடுத்தேன்.

ஒருநாள் காலை அவள் செல்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதை எடுத்துக்கொண்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டே கிளம்பினேன். நடைபாதை முழுக்கத் தேடியும் காணவில்லை. கடற்கரை முடிந்து ஊரூர் ஒல்காட் குப்பம் தொடங்கும் இடத்தில், கரையேற்றி வைத்த படகுகளுக்கு நடுவில், கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு அம்மாள் அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். செதில் பறந்து என் மனைவியின் புடவையில் ஒட்டியது. அவள் தட்டிவிடவில்லை. நான் படகுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன்.

"புள்ள ஒசரமா இருக்குமா மாமி?" என்று மீன்காரம்மாள் கேட்டாள்.

"இல்லடி. என்னைவிட ஒரு சாண் ஜாஸ்தி, அவ்வளவுதான். அவா அப்பா மாதிரி."

"அப்பால? இந்தாண்ட வரும்னு சொன்னியே."

"வருவான். லீவுல வந்தா சாயங்காலம் வாக்கிங் போறேன்னுட்டு இங்கதான் வறுத்த மீன் தின்னுண்டிருப்பான். வஞ்சிரம்னா உசுரு. ஆத்துக்குள்ள நுழையறச்சே வாயில ரெண்டு ஏலக்காய். நேக்குத் தெரியும். அவா அப்பாவுக்குத்தான் தெரியாது."

"ஏன், மாமாவுக்கு மூக்கு இல்லியா?"

"இருக்கு. அதுவும் சேந்து பேப்பர் படிச்சுண்டிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மனைவி சிரித்துக்கொண்டே வந்தவள், நடுவில் எங்கேயோ அழ ஆரம்பித்தாள். மீன்காரம்மாள் ஆறுதல் சொல்லவில்லை. கையை மட்டும் நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். அழுகை நின்றதும், "அப்பால?" என்றாள்.

நான் யாருக்கும் தெரியாமல் வீடு திரும்பினேன். செல்பேசி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

அன்று முழுவதும் எனக்குள் என்ன ஓடியது என்பதை நேர்மையாகச் சொல்ல முயல்கிறேன். அமுக்கரா ஒன்றும் செய்யவில்லை என்ற ஏமாற்றம் கொஞ்சம். என் மகன் மீன் தின்றான் என்ற அதிர்ச்சி கொஞ்சம். அவன் உயிரோடு இருந்திருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது பொறாமை. பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணுக்கு என் மகனைப் பற்றி என்னைவிட அதிகமாகத் தெரிந்திருந்தது.

உண்மையான காரணத்தைக் கோப்பில் எழுதுவது வழக்கமில்லை. மறுநாள் காலை என் மனைவியிடம், கடற்காற்றில் ஈரம் அதிகம், உன் மூச்சுக்கு ஆகாது, இனிமேல் பூங்காவில் எட்டு போட்டு நடப்போம், நானும் வருகிறேன் என்றேன். அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரி" என்றாள்.

எட்டு நடை என்பது சென்னைப் பூங்காக்களில் இப்போது ஒரு மதம். தரையில் பெரிய எட்டு வரைந்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். வடக்கே பார்த்து இருபது நிமிடம், தெற்கே பார்த்து இருபது நிமிடம். ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு, எங்கும் போய்ச் சேராமல் நடப்பார்கள். எனக்கு மிகவும் பரிச்சயமான வேலை. அவள் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தாள்.

ஒரு மாதத்தில் உப்பைப் பற்றிய பேச்சு நின்றது. அடுத்த பதினைந்து நாளில் இரவுச் சாப்பாடு நின்றது. நான் சூரணத்தின் அளவைக் கூட்டினேன். ஒருநாள் காலை, எட்டின் இரண்டு வளையமும் சேரும் இடத்தில் அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொள்ளாமல் ஒதுங்கிப் போனார்கள். முட்டி வலியா, தலை சுற்றுகிறதா என்று கேட்டேன்.

"இந்தப் பார்க்ல யாருக்கும் அவனைத் தெரியாதே" என்றாள்.

கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்றைக்கே மருத்துவரின் கடிதத்தைத் தேடியெடுத்து, அடையாறு மருத்துவரிடம் நேரம் கேட்டேன். மறுவாரம்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு நானே அவளைக் குப்பத்துக்குக் கூட்டிப் போனேன். படகுக்குப் பின்னால் நின்று கேட்டதை வழியில் சொன்னேன். "தெரியும். பார்க்குன்னு சொன்னப்பவே தெரியும்" என்றாள்.

அந்த இடத்தில் வேறொரு பெண் நெத்திலி விற்றுக்கொண்டிருந்தாள். பழைய அம்மாள் எங்கே என்று கேட்டோம்.

"அக்காவா? அதுக்கு வூடு ஆத்தோரம் தான இருந்துச்சு. எல்லாத்தையும் இட்ச்சிட்டாங்க. பெரும்பாக்கம் தாண்டி வூடு குட்த்துக்கீறாங்க. அங்கேர்ந்து கூடைய தூக்கிக்கினு எந்த பஸ்ல ஏறும்?" என்றவள், என் மனைவியை உற்றுப் பார்த்தாள். "நீதான் அந்த மாமியா? போறதுக்கு மின்னாடி ஒரு வாரம் உன்னைத்தான் கேட்டுக்கினே இருந்துச்சு. உடம்பு சரியில்லியோன்னு."

மறுகுடியமர்வு என்ற சொல்லை நானும் குறிப்புகளில் எழுதியிருக்கிறேன். மீன்கூடை எந்தப் பேருந்தில் ஏறும் என்ற பத்தி அவற்றில் இருந்ததில்லை.

அந்தப் பெண் தன் செல்பேசியிலேயே அழைத்துக் கொடுத்தாள். என் மனைவி வாங்கிக்கொண்டு, வீடு எப்படி, எத்தனையாவது மாடி, தண்ணீர் வருகிறதா, கால்வலி தேவலையா என்று கேட்டாள். எனக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, அதனால்தான் வரவில்லை என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் பின்னணியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. செல்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மணலில் உட்கார்ந்தாள். முட்டியை மடக்க முடியாமல் மடக்கி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவளண்டையே அவனைப் பத்திச் சொல்லியிருக்கலாமே, போன்ல" என்றேன்.

"அன்னிக்குப் பேச்சை எங்க விட்டேன்னு அவளுக்குத்தான் ஞாபகம் இருக்கும். போன்ல அதெல்லாம் கேக்க முடியுமா?"

"எங்கிட்டச் சொல்லேன். மொதல்லேந்து."

"உங்களுக்கு என்னத்தச் சொல்றது? கூடவே இருந்தேளே."

குத்தலாகச் சொல்லவில்லை, கணக்கு வாத்தியார் ஒரு விடையைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னாள். கூடவே இருந்தவன் என்பதை நிரூபிக்க வேண்டியது இப்போது என் பொறுப்பு. அப்படியானால் நான் சொல்கிறேன் என்றேன். அவன் பிறந்த நேரத்தைச் சொன்னேன், எடையைச் சொன்னேன். பிறகு அவனைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கப் போன நாளைச் சொன்னேன். விடிவதற்கு முன்பே மயிலாப்பூரில் போய் வரிசையில் நின்றதை, எனக்கு முன்னால் இரண்டே பேர் இருந்ததை, பிறப்புச் சான்றிதழின் நகலில் முன்கூட்டியே சான்றொப்பம் வாங்கி வைத்திருந்ததை, பின்னால் நின்றவர் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை. எல்லாம் துல்லியமாக ஞாபகம் இருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஆவலோடுதான் பார்த்தாள்.

"அன்னிக்கு அவன் என்ன பண்ணிண்டிருந்தான்?"

எனக்குத் தெரியவில்லை. நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.