காலிப் புட்டி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும், இன்றைக்கும் வரும். நான் விலங்கியல் படித்தவன். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

யுத்த சமயம், ஒரு சித்திரை மாதம். ஒகேனக்கல் முசாபரி பங்களாவில் தங்கி ஜெல்லி மீனின் மூச்சை அளந்துகொண்டிருந்தேன். கடலில்தான் உண்டென்று நினைப்பீர்கள், காவிரி மடுவிலும் காலணா அகலத்தில் ஒரு ஜாதி உண்டு, நம்பினால் நம்புங்கள். நான்கு புட்டியிலும் ஒரே ஆற்றுத் தண்ணீர், மூன்றில் ஜெல்லி மீன், ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க, மீன் போடாத காலிப் புட்டி. காலையில் இறுக மூடி, சாயங்காலம் மருந்து விட்டால், பிராணவாயு மிச்சமிருக்கும் தண்ணீர் பழுப்பாகும், தீர்ந்தது வெளுக்கும். அந்த வாரத்துக்குள் அளவுகளைக் கொடுத்தால்தான் கல்லூரியில் என் வேலை நிரந்தரமாகும்.

நான் வந்த அன்றே, எனக்குப் பரிசல் ஓட்டிய மாரப்பனின் தம்பி அருவிக்குக் கீழே பரிசல் கவிழ்ந்து காணாமல் போனான். தெளிந்த தண்ணீர் அங்கேதான் கிடைத்தது, மறுநாள் மொள்ளப் போனேன். மாரப்பன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“ஆளு கெடைக்கிற வரைக்கும் அங்க மொள்ளக் கூடாதுங்க சாமி.”

மொண்டேன். வேறென்ன செய்ய?

சாயங்காலம் ஜெல்லி மீன் புட்டிகள் மூன்றும் பழுப்பு, காலிப் புட்டி பால் மாதிரி வெள்ளை! ஒன்றுமே இல்லாத புட்டியில் எது மூச்சு விடும்? அமிலம் ஊற்றிக் கழுவினேன், புட்டியை மாற்றினேன், மருந்தைப் புதிதாகக் கலந்தேன், தண்ணீரைப் பட்டுத்துணியில் வடிகட்டினேன், மறுநாளும் வெள்ளை, அதற்கு மறுநாளும் வெள்ளை, எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்கென்று மாரப்பன் பின்னால் வந்து நின்றான்.

“அதுல மூச்சு இருக்குதுங்களா சாமி?”

“புட்டி அழுக்கு, அவ்வளவுதான்!”

“எல்லாரும் பொணத்தத் தேடிக் கீழயே போறாங்க. அருவிக்குப் பின்னால பாறைக்குள்ள பொடவு இருக்குதுங்க, ஒத்தையாளா ஏற முடியாது. படிச்சவங்க நீங்க ஒரு வார்த்த சொன்னா ஆளுங்க வருவாங்க.”

ஒரு புட்டியைக் காட்டி ஊரைக் கிளப்பச் சொல்கிறாயா என்று கத்தி விரட்டிவிட்டேன்.

நான்காம் நாள் காலிப் புட்டி நல்ல பழுப்பாக வந்தது. அப்பாடா என்றிருந்தது. அன்று சந்தோஷமாகச் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை மாரப்பன் பங்களா வாசலில் நின்றான். மாமன்மார் இருவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு அந்தப் பொடவுக்கு, அந்தப் பாறைக் குகைக்கு, ஏறியிருக்கிறான். தம்பி அங்கே கால் முறிந்து கிடந்தானாம்.

“வயித்துல ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்க. நேத்துதான் உசுரு போயிருக்கும்னு வைத்தியர் சொல்றாரு.”

சொல்லிவிட்டு, வாசலிலிருந்தே என் புட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான். என்னை ஏதாவது கேட்டிருக்கலாம்.

கிருமி என்பீர்கள், மருந்துக் கோளாறு என்பீர்கள், நானும் இத்தனை வருஷமாய் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். வேலை நிரந்தரமானது. அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. காலிப் புட்டிக்கு நேரே முதல் மூன்று நாளும் ‘பிழை’ என்று எழுதியிருக்கிறேன். நான்காம் நாளுக்கு, அடிக்கோடிட்டு, ‘சரி’.