கல்யாணக் கார் போட்ட தாளம்

அக்கா கல்யாணத்தன்னிக்குன்னு பார்த்து மாமாவோட கார் டக் டக்னு சத்தம் போட ஆரம்பிச்சுச்சு. பெரகல மலை வளைவெல்லாம் ஏறி முகூர்த்தத்துக்குள்ள பண்டாரவளை கோயிலுக்குப் போகணும்!

"டயர்ல கல்லு மாட்டியிருக்கும்டா"ன்னாரு மாமா. டெக்னிக்கல் காலேஜ்ல படிக்கிறவன் நான், விடுவேனா? "ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வட்டம் அடிங்க மாமா, கேப்போம்"ன்னேன்.

தேயிலைத் தோட்டத்து ஆளுங்க வேலைக்குக் கூடுற பெரட்டுக் களத்துல, பொண்ணோடயே கார் சுத்துச்சு. தப்படிக்கிற அண்ணன்மாரு ஏதோ சடங்குன்னு நெனச்சு பின்னாலயே அடிச்சுக்கிட்டு ஓடி வந்தாங்க. லயத்து வீட்டுப் பொம்பளைங்க குலவை வேற. எனக்கு ஒன்னுமே கேக்கல!

அக்கா ஜன்னல்ல தலைய நீட்டி, "அண்ணே, தப்பக் கொஞ்சம் நிப்பாட்டுங்க, டாக்டர் காருக்கு நாடி பாக்குறாரு!"ன்னா. எல்லாரும் கப்சிப். நேரா போனா சத்தமில்ல. இடப்பக்கம் திருப்பினா டக் டக் டக். குனிஞ்சு பார்த்தேன். வலது முன் சக்கரத்துக்குள்ள ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் தெறிச்சிருக்கு. ஆக்சில் ஜாயிண்ட் தேஞ்சுபோச்சு.

"இது வளைவுல ஒடைஞ்சா நடுரோட்லதான் தாலி"ன்னேன்.

அக்கா பட்டுச்சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு பக்கத்துல நின்ன தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறில ஏறிட்டா. தப்புக்காரங்களும் ஏறினாங்க. கோயில் வரைக்கும் அவங்க அடிச்சது அதே டக் டக் டக் தாளம்தான்!

மாமா இன்னைக்கும் கல்லுன்னுதான் சாதிக்கிறாரு. எனக்கு எந்தக் கார்ல அந்தச் சத்தம் கேட்டாலும், லொறில நின்னு அக்கா சிரிச்ச சிரிப்புதான் கேக்குது.