நீலச் சட்டைக்காரரும் அக்காவின் கைப்பையும்

எங்கள் அம்மா எவரையும் சும்மா ஓரிடத்துக்குக் கூட்டிப்போகிற ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் மாத்தளைத் தேர் பார்க்கப் போவோம் என்று தானாகவே சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது வயதில் எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான். போதாக்குறைக்கு அத்தை முதல் நாளே எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்து அக்காவின் பட்டுச் சேலையைத் தேய்த்து வைத்தார். தேர் பார்க்கப் பட்டு எதற்கு? எனக்கு மட்டும் ஏன் போன தீபாவளிச் சட்டை?

அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு வரச் சொல்லி அவளுக்குக் கடிதம் வந்து பத்து நாளாகியிருந்தது. சாமி படத்துக்குப் பின்னால் கிடந்த அதைப் பற்றி அம்மா வாயே திறக்கவில்லை. அப்பா மட்டும், "தேரு முடியட்டும், பாப்போம்" என்றார். தேருக்கும் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

மாத்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நீலச் சட்டை போட்ட ஒருவர் எங்களைப் பார்த்தார். வளையல் கடைக்குப் போனால் அங்கும் அவர். கூடவே ஒரு பருத்த அம்மாள்.

அக்கா குனிந்து என் காதில் சொன்னாள்: "குட்டி, அந்த நீலச் சட்டைய பாத்தியா? நம்ம பின்னாலயே வர்றான். என் பையத்தான் பாக்குறான் போல. நீயே வச்சிக்க. கிட்ட வந்தா சத்தம் போட்டுரு."

அக்காவே என்னை நம்பிவிட்டாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஐந்து தேர்கள் தெருவில் அசைந்து போயின. நான் ஒன்றையும் பார்க்கவில்லை, நீலச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அத்தை, "வெயில்ல புள்ளைங்க வாடிப் போச்சுங்க, ஐஸ்கிரீம் சாப்பிடுவோம்" என்றார். ஒரு டொஃபிகூட வாங்கித் தந்தறியாத அத்தை! கடைக்குள் போனால் அதே நீலச் சட்டை, அதே பருத்த அம்மாள். அவர் எழுந்து, சிரித்து, என் பக்கம் கையை நீட்டினார். எனக்கு நாற்காலியை இழுத்துப் போடத்தான் நீட்டினாராம், பாவம்.

"கள்ளன்! கள்ளன்! பையப் பறிக்கிறான்!"

வாசலில் நின்ற இரண்டு பேர் பாய்ந்து வந்து அவருடைய காலரைப் பிடித்தார்கள். ஐஸ்கிரீம் கோப்பை அவர் சட்டையிலேயே கவிழ்ந்தது. அந்த அம்மாள் அத்தையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டு எம் மவனையே கள்ளனாக்கிட்டீங்களே! நல்லா இருக்குங்க ஒங்க குடும்பம்!"

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் தொடையில் கிள்ளிய தடம் ஒரு வாரம் இருந்தது. "அவ கல்யாணத்தையே கெடுத்துட்டியேடி, வாயாடி" என்றார் அத்தை. அக்காவின் மடியில் முகம் புதைத்தேன். அவள் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

தேர் முடிந்துவிட்டதால் அப்பா கடிதத்தைக் கையில் எடுத்தார். அக்கா படிக்கப் போனாள். இன்று அவள் டீச்சர். போன மாசம்தான் அந்தத் தேர் நாளைப் பற்றி என்னிடம் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளையின் படத்தை அத்தை ஒரு வாரத்துக்கு முன்பே அவள் போனுக்கு அனுப்பியிருந்தாராம். அந்தப் போனும் நான் காவல் காத்த பைக்குள்தான் இருந்ததாம்.

அன்று பஸ்ஸில் அக்கா அழுகிறாள் என்றே நினைத்தேன். இறங்குகிற வரைக்கும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். கேட்கக் கேட்க அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள்.